'மலாரியா!' இசைத்தட்டு: வாங்கியவர்கள் கேட்கிறார்கள்

கேள்வி (ஹாம்பர்க்): மேற்கு பெர்லின் டார்க் வேவ் இசைக்குழுவான 'மலாரியா!' 1982-இல் வெளியிட்ட 'எமோஷன்' இசைத்தட்டை, 'நியர் மின்ட்' (கிட்டத்தட்டப் புதியது) என்ற விளம்பரத்தை நம்பித் தனிநபர் ஒருவரிடம் வாங்கினேன். ஒரு பக்கம் முழுவதும் கீறல். 'உத்தரவாதம் இல்லை' என்று எழுதியிருந்ததைக் காட்டி அவர் கைவிரிக்கிறார்.

பதில்: உங்கள் பக்கம்தான் நியாயம். தனிநபர் விற்பனையாளர் தம் பொறுப்பை விலக்கிக்கொள்ள ஜெர்மன் சட்டம் இடம் தருகிறது என்றாலும், பொருள் இப்படி இருக்கும் என்று அவரே உறுதி கூறிய தரத்துக்கு அந்த விலக்கு செல்லாது என்று, ஒரு மோட்டார் சைக்கிள் வழக்கில், கூட்டாட்சி நீதிமன்றம் 2006-லேயே தீர்ப்பளித்துவிட்டது. விளம்பரத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, காலக்கெடு வைத்து, குறையைச் சரிசெய்யும்படி எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி (கொலோன்): கட்டணம் மிச்சமாகும் என்று விற்பவர் சொன்னதால், பேபாலில் 'நண்பர்கள், குடும்பத்தினர்' வழியாகப் பணம் அனுப்பினேன். தட்டு வரவில்லை. பேபால் திருப்பித் தருமா?

பதில்: தராது. அந்த வழி தெரிந்தவர்களுக்குப் பணம் அனுப்புவதற்கானது; அவர் உங்கள் நண்பருமல்லர், குடும்பத்தினருமல்லர்.

கேள்வி (லைப்சிக்): பழைய தட்டின் தரத்தை எப்படி நம்புவது?

பதில்: குட்ரூன் கூட், பெட்டினா கோஸ்டர் ஆகியோர் 1981-இல் தொடங்கிய 'மலாரியா!' 1984-இல் கலைந்துவிட்டதாலும், 'எமோஷன்' அவர்களுடைய சொந்தச் சிறு நிறுவனமான மோவாபிட்டின் வெளியீடு என்பதாலும், விற்பவர்கள் 'அரிது' என்று பெரிய எழுத்தில் போட்டு விலையை ஏற்றுகிறார்கள். அரிதாக இருப்பது தரமாகாது. தட்டுக்கும் உறைக்கும் தனித்தனித் தரம் கேட்க வேண்டும். தட்டை ஓடவிட்டுக் கேட்ட பிறகு தரமிட்டாரா, விளக்கொளியில் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டாரா என்றும் கேட்க வேண்டும். தேய்ந்த பள்ளங்கள் கண்ணுக்குப் பளபளப்பாகவே தெரியும். அப்படிப் பளபளத்த ஒன்றை நானும் வாங்கினேன். அது எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோல் இரைகிறது. ஓட்டிப் பார்க்காமலே 'நியர் மின்ட்' என்று எழுதுவதை நான் பொய் என்றே சொல்வேன்.

கேள்வி (பிரேமன்): 'மலாரியா!'வின் 'கால்டெஸ் கிளாரெஸ் வாஸர்' பாடலை வாங்கினேன், வந்தது 'சிக்ஸ் ஆன் ஸ்பீடு' என்ற வேறொரு குழு பாடியது. ஏமாற்றுதானே?

பதில்: அட்டையில் 'சிக்ஸ் ஆன் ஸ்பீடு' பெயர்தானே இருந்தது? மூலம் வேண்டுமானால் 'மலாரியா!'வின் 1981-84 பாடல்களின் தொகுப்பான 'கம்பைல்ட்' குறுவட்டைத் தேடுங்கள்.

கேள்வி (பெர்லின்): இணையக் கடையில் வாங்கிய புதிய தட்டின் செலோபேன் உறையைப் பிரித்துவிட்டேன். 14 நாளுக்குள் திருப்பலாமா?

பதில்: முத்திரையிட்ட ஒலிப்பதிவைப் பிரித்தால் அந்த உரிமை போய்விடும். ஆனால் வெறும் செலோபேன் உறை முத்திரையாகாது என்று ஹாம் உயர் நீதிமன்றம் 2010-இல் கூறியுள்ளது. கடைக்காரரிடம் அதைச் சொல்லுங்கள். தட்டிலேயே பழுது இருந்தால் 14 நாள் கணக்கு தேவையில்லை. புதிய பொருளுக்குக் கடை 2 ஆண்டு பொறுப்பு.