புது வீட்டு டிவிக்கு டிடிஎச் போடலாமா, கேபிளே போதுமா?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: பட்டுக்கோட்டைப் பக்கம் சொந்த ஊரில் வீடு கட்டுகிறார், பூச்சு வேலை இன்னும் பாக்கி. குடியிருக்கப் போவது அப்பாவும் அம்மாவும். இவருக்குக் கோயம்புத்தூரில் வேலை, மாதம் ஒருமுறை வந்து போவார். ஹாலில் ஒரு டிவி, மாடியில் ஒன்று.

நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். எங்கள் வீட்டில் கீழே கேபிள், மாடியில் டிடிஎச், அதனால் இரண்டின் லட்சணமும் தெரியும். உங்கள் வீட்டுக்கு என் ஓட்டு கேபிளுக்கு. படத்தின் தெளிவோ மாதக் காசோ இதற்குக் காரணம் இல்லை. படம் நின்றுபோனால் யார் வந்து பார்ப்பார் என்பதுதான் காரணம்.

காசு விஷயத்தை முதலிலேயே முடித்துவிடலாம். அரசு கேபிள் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. அந்த ஞாபகத்தில்தான் இன்னும் பலர் 'கேபிள் என்றால் மலிவு' என்கிறார்கள். 2019 பிப்ரவரி 1 முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் கொண்டுவந்த முறையில் கட்டணச் சேனலுக்கு விலை வைப்பவர் சேனல்காரர், அது கேபிளுக்கும் டிடிஎச்சுக்கும் ஒன்றுதான். அதன் மேல் இணைப்புக்கென்று மாதாமாதம் வாங்கும் நெட்வொர்க் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு என்று இருந்தது. 2024-இல் அந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள், அவரவர் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆகவே மாதக் கணக்கு எங்கே எகிறுகிறது என்றால், பார்க்காத இந்தி, ஆங்கிலச் சேனல்களைப் பேக்கில் சேர்த்துத் தலையில் கட்டும்போதுதான். உங்கள் அப்பா எந்தெந்தச் சேனல் பார்க்கிறார் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பத்தைத் தாண்டாது. இலவசச் சேனல்களோடு அவற்றை மட்டும் போட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பக்கமும் விசாரியுங்கள்.

ஒரே ஒயரை ஸ்பிளிட்டர் போட்டு இரண்டு டிவிக்கும் பிரிப்பதெல்லாம் அனலாக் காலத்தோடு போயிற்று. இப்போது கேபிளானாலும் டிவிக்கு ஒரு பாக்ஸ் வேண்டும். இரண்டாவது பாக்ஸுக்கு நெட்வொர்க் கட்டணத்தில் தள்ளுபடி கேட்டுப் பாருங்கள்.

சரி, யார் வந்து பார்ப்பார் என்பதற்கு வருகிறேன். வயதானவர்கள் வீட்டில் 'டிவி வரவில்லை' என்று வரும் புகாரில் பெரும்பாலானவற்றுக்கு ஒயரும் காரணம் இல்லை, வானமும் காரணம் இல்லை. டிவி ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை யாரோ அமுக்கியிருப்பார்கள். எச்டிஎம்ஐ 1-இல் இருந்தது எச்டிஎம்ஐ 2-க்குப் போயிருக்கும், திரையில் 'நோ சிக்னல்' என்று ஒரு நீலக் கட்டம் மிதந்துகொண்டிருக்கும். இதை நீங்கள் கோயம்புத்தூரில் இருந்து போனில் சரிசெய்து பாருங்கள். "அப்பா, எந்த ரிமோட் கையில இருக்கு?" "கறுப்பு." "ரெண்டுமே கறுப்புதானே அப்பா!" கேபிள்காரர் என்றால் அப்பாவே "தம்பி, டிவி தெரியலப்பா" என்று கூப்பிடுவார். அவர் அந்தப் பக்கம் வசூலுக்கு வரும்போது டிவிஎஸ் எக்ஸ்எல்லை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, ஒரு பட்டனை அமுக்கிவிட்டு, அம்மா கொடுக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போவார். டிடிஎச்சில் இதற்கு ஒரு எண்ணைக் கூப்பிட வேண்டும், 'தமிழுக்கு எண் 2-ஐ அழுத்தவும்' என்பதைக் கேட்க வேண்டும், ஆள் வந்தால் வருகைக் கட்டணம் தர வேண்டியிருக்கும். எங்கள் மாடி டிவிக்கு ஒருமுறை அப்படி வந்தவர் செய்ததும் அதே பட்டன் வேலைதான். வாசலில் நின்று பில் போட்டுக் காசு வாங்கிக்கொண்டுதான் போனார்.

பணம் கட்டாமல் விட்டாலும் இதே கதைதான். டிடிஎச்சில் இருப்பு தீர்ந்தால் பாக்ஸ் மறுநாள் காலையே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கேபிளிலும் இப்போது எல்லாம் முன்பணம்தான், ஆனாலும் நடுவில் ஒரு மனிதர் இருக்கிறார், "பையன் வந்ததும் தர்றேன்" என்று அவரிடம் சொல்லலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. பிள்ளைகள் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் வீடுகளில் போனிலேயே ரீசார்ஜ் செய்துவிடுவதால் டிடிஎச் சௌகரியமாக இருக்கிறது.

இன்னொன்றும் கேபிளுக்குச் சாதகம்: உள்ளூர் சேனல். ராத்திரியில் பழைய படம், திருவிழாவில் சாமி புறப்பாடு நேரலை, ஜவுளிக்கடை விளம்பரம், கீழே ஓடும் வரியில் யாரோ ஒருவரின் பதினாறாம் நாள் காரியம். படம் சுமார்தான், சத்தம் அதைவிடச் சுமார். எங்கள் அம்மா மற்ற எல்லாச் சேனலையும் விட்டுக்கொடுப்பார், இதை மாட்டார். தேரோட்டத்தில் தெரிந்த முகம் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். எந்த டிஷ்ஷிலும் இது வராது.

இனி மழை. டிடிஎச் வருவது கேயூ பேண்டில், ஏறக்குறைய 11, 12 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான், கனத்த மழை அதை உறிஞ்சிச் சிதறடித்துவிடும். நம் ஊரில் அப்படிக் கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில். டிஷ் பார்ப்பது தெற்குக்கும் தென்கிழக்குக்கும் இடையில். டாடா ப்ளே செயற்கைக்கோள் 83 டிகிரி கிழக்கில், கிட்டத்தட்ட தெற்கே நிற்கிறது, 93.5 டிகிரியில் இருக்கும் ஜிசாட்-15 என்ற இன்னொரு செயற்கைக்கோள் தென்கிழக்கே. இரண்டுமே நல்ல உயரத்தில் இருப்பதால் வீட்டை ஒட்டி நிற்கும் தென்னைதான் மறைக்கும், தூரத்துத் தோப்பு மறைக்காது. கஜா புயலுக்குப் பிறகு எங்கள் ஊரில் தென்னை மறைக்கும் பிரச்சினையே இல்லாமல் போனது. அந்தக் கொடுமையையும் இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மழை பெய்தாலே டிடிஎச் போய்விடும் என்பது மிகை. மேகம் அடர்ந்து கொட்டும் நேரம் மட்டும் கட்டாகும், பிறகு தானே வரும். சாதாரணத் தூறலுக்கே போகிறதென்றால் டிஷ் சரியாகத் திருப்பப்படவில்லை என்று அர்த்தம். மாட்டுகிறவர் படம் தெரிந்ததும் நட்டை முறுக்கிவிட்டு இறங்கப் பார்ப்பார், விடாதீர்கள். செட்டிங்ஸில் சிக்னல் குவாலிட்டி என்று ஒரு பட்டை இருக்கும். டிஷ்ஷை ஒரு மயிரிழை இப்படியும் அப்படியும் நகர்த்தி, அது உச்சம் தொடும் இடத்தில் முறுக்கச் சொல்லுங்கள். டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பியில் ஒயர் சேரும் இடத்தில் ரப்பர் டேப் சுற்றட்டும். உப்புக்காற்றில் அந்தக் கனெக்டர்தான் முதலில் துருப்பிடிக்கும்.

கேபிளுக்கு மழை பயமில்லை, கரண்ட்தான் பயம். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும், தெருக் கம்பத்தில் சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் கேபிள்காரரின் பெட்டிகளுக்குப் பேட்டரி இல்லையென்றால் படம் வராது. 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையைக் கடந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன, கேபிள் ஒயரும் அந்தக் கம்பங்களில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் திரும்பிய பிறகும் கேபிள் உடனே வரவில்லை, புதுக்கம்பத்தில் மறுபடி ஒயர் இழுக்க வேண்டியிருந்தது. டிஷ் தப்பித்த வீடுகளில் கரண்ட் வந்த அன்றே செய்தி ஓடியது. எப்போதாவது செயற்கைக்கோளே கோளாறாவதும் உண்டு. 2010 ஜூலையில் இன்சாட்-4பியில் மின்சாரம் குறைந்து சன் டைரக்ட் நின்றுபோய், அவர்கள் மீசாட்-3க்கு மாறினார்கள். அதற்கெல்லாம் பயந்து முடிவெடுக்க முடியாது.

ஆகவே ஹாலுக்குக் கேபிள் போடுங்கள். ஒரே நிபந்தனை, உங்கள் தெருக் கேபிள்காரர் உருப்படியானவரா என்று முதலில் பார்க்க வேண்டும். எதிர்வீட்டிலும் நாலு வீடு தள்ளியும், "போன மழையில் படம் போனபோது எப்போது வந்து சரிசெய்தார்?" என்று கேளுங்கள். "அவரா? போனையே எடுக்க மாட்டார்" என்று பதில் வந்தால் நான் மேலே எழுதியதெல்லாம் தலைகீழ், டிடிஎச் வாங்கிவிடுங்கள். மாடி டிவிக்கு இப்போதைக்கு மாதச் சந்தா எதுவும் வேண்டாம், மாதம் ஒருமுறை வருபவருக்குப் போன் நெட்டே போதும். வேண்டுமானால் தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் மாட்டலாம், மாதக் கட்டணம் கிடையாது. ஆனால் தமிழ்ச் சேனல் குறைவு, சீரியல் பார்க்கும் வீட்டுக்கு அது காணாது.

பூச்சு முடியவில்லை என்கிறீர்களே, அது நல்லதாயிற்று. எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, மொட்டைமாடியின் தென்கிழக்கு மூலையிலிருந்து இரண்டு டிவி இடத்துக்கும் தனித்தனிக் குழாய், தெருக் கம்பம் இருக்கும் பக்கத்திலிருந்து இன்னொன்று என்று இப்போதே புதைத்துவிடச் சொல்லுங்கள். கரண்ட் ஒயர் போகும் குழாயிலேயே கேபிளையும் திணிக்கப் பார்ப்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். வளைவு வரும் இடத்தில் எல்போ போடாமல் நீள வளைவாகப் போடட்டும், பின்னால் இன்டர்நெட்டுக்கு ஃபைபர் ஒயர் இழுத்தாலும் ஒடியாமல் போகும். பிறகு ஒயரைக் கட்டி இழுக்க, உள்ளே ஒரு இழுகம்பியையும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். மொட்டைமாடி முனையைக் கீழ்நோக்கித் திருப்பி வைக்காவிட்டால் முதல் மழைத் தண்ணீர் நேராக டிவிக்குப் பின்னால் வந்து இறங்கும்.