தார் போடுவதற்கு முன்: மனை வாங்குவோர் கேள்வி–பதில்

கேள்வி: ஐயா, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரமும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் பெற்ற ஒரு மனைப்பிரிவில் மூன்று ஆண்டுகளுக்கு முன் மனை வாங்கிக் கிரயம் செய்துகொண்டோம். அன்று 23 அடித் தெருவில் புதுத் தார் பளபளத்தது. இப்போது வீடு கட்டத் தொடங்கியிருக்கிறோம். மழை பெய்தால் தெருவில் இரண்டு நாள் தண்ணீர் நிற்கிறது. ஓரத்தில் தார் பெயர்ந்து ஜல்லி தெரிகிறது. மனை பிரித்து விற்ற புரமோட்டரைக் கேட்டால், “சாலையைப் பஞ்சாயத்துக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டோம், இனி எங்கள் பொறுப்பு இல்லை” என்கிறார். இதையெல்லாம் பார்த்துத்தானே அங்கீகாரம் கொடுக்கிறார்கள்?
– வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்: முதலில் உங்கள் உரிமையைச் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு) சட்டத்தின் 14ஆம் பிரிவு, மனையோ வீடோ கைக்கு வந்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் வேலைத்தரத்திலோ செய்து தந்த வசதிகளிலோ குறை தெரியவந்து அதை வாங்கியவர் எடுத்துச் சொன்னால், 30 நாட்களுக்குள் கட்டணம் எதுவும் பெறாமல் அதைச் சரிசெய்து தர வேண்டிய கடமையை புரமோட்டர் மீது சுமத்துகிறது. சாலையை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தால் நிலத்தின் உரிமை கைமாறும். அதனால் இந்தக் கடமை தீர்ந்துவிடுகிறது என்று அந்தப் பிரிவில் எங்கும் சொல்லப்படவில்லை. உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. மழை நின்ற மறுநாளே தேதி தெரியும்படி படங்கள் எடுத்து, குறைகளை எழுத்தில் விவரித்து, பட்டுவாடா ஆனதற்குச் சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அதே தெருவில் மனை வாங்கிய மற்றவர்களும் கையெழுத்திட்டால் நல்லது. முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரெரா ஆணையத்தில் புகார் செய்யலாம்.

இனி அங்கீகாரத்தைப் பற்றி. நகர் ஊரமைப்பு அலுவலகம் முதலில் வரைபடத்துக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் தருகிறது; தெருக்களையும் பூங்கா இடத்தையும் தானமாகப் பெற்றுக்கொண்ட பிறகு உள்ளாட்சி அமைப்பு இறுதி ஒப்புதல் தருகிறது. 2019ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் தெருவின் அகலத்தைத் தெளிவாக வரையறுக்கின்றன. நாம் 23 அடி என்று சொல்வது 7.2 மீட்டர், 30 அடி என்பது 9 மீட்டர். தெரு நீளமாக நீளமாக அகலமும் கூட வேண்டும். நாடாவைப் பிடித்து அளந்தால் அகலம் தெரிந்துவிடும். தெரு எந்தப் பக்கம் சரிகிறது, அதன் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பது நாடாவுக்குத் தெரியாது. இறுதி ஒப்புதலுக்கு முன் உள்ளாட்சிப் பொறியாளர் மட்டக் கருவியுடன் ஒவ்வொரு தெருவையும் நடந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறேன். மழைநீரை மனதில் வைக்காத வரைபடம் எத்தனை முத்திரை பெற்றிருந்தாலும் அரைகுறை வரைபடம்தான்.

உங்கள் தெருவில் தண்ணீர் நிற்பதற்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கக்கூடும். முதலாவது, சாலையின் சரிவு சரியில்லாமல் இருக்கலாம். தார்ச் சாலையின் நடுப்பகுதி ஓரத்தைவிட உயர்ந்து, மீட்டருக்கு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் வீதம் இருபுறமும் சரிய வேண்டும். அதாவது 6 மீட்டர் அகலத் தார்ப் பரப்பில் நடு 7.5 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். ஒரு நூலைத் தெருவின் குறுக்கே மட்டமாக இழுத்துக் கட்டினால் இது கண்ணுக்கே தெரியும். இரண்டாவது, வடிகால் இருந்தும் அது எங்கும் போய்ச் சேராமல் நடுவழியில் முடிந்திருக்கலாம். கொத்தனாரிடம் உள்ள லெவல் டியூபை (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை) வைத்து வடிகாலின் தொடக்கத்தையும் முடிவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவது காரணம்தான் மிகவும் வருத்தத்துக்குரியது: வயலாக இருந்தபோது அந்த நிலத்தின் தண்ணீரை வாங்கிச் சென்ற வாய்க்கால், மனை பிரித்தபோது தூர்க்கப்பட்டிருக்கலாம். வருவாய்த் துறையின் புல வரைபடத்தையும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். நான் பணியிலிருந்த காலத்தில் டெல்டாப் பகுதியில் இப்படியொரு மனைப்பிரிவைப் பார்த்திருக்கிறேன். ஒரு முழ அகல வாய்க்காலைத் தூர்த்ததால் மேலே இருந்த வயல்களும் கீழே இருந்த வீடுகளும் ஒரே மழையில் மூழ்கின. வாய்க்கால் அடைபட்டிருந்தால் சாலையை மறுபடி போடுவதால் பயன் இல்லை. வட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து வாய்க்காலைத் திறக்க வைத்துவிட்டு, அதன் பிறகு சாலைக்கு வாருங்கள்.

ஒரு வேண்டுகோள். வீட்டின் தரைத்தள உயரத்தை இப்போதுள்ள சாலையை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போடும் வழக்கத்தால் தமிழகத்தில் எத்தனையோ வீடுகள் தெருவைவிடத் தாழ்ந்துவிட்டன. சுரண்டிய பிறகே போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலரே அறிவுறுத்தினார்.

கேள்வி: எங்கள் மனைப்பிரிவில் அடுத்த மாதம் தார் போடப் போகிறார்கள். குடிநீர்க் குழாயையும் பாதாளச் சாக்கடைக் குழாயையும் செலவு குறைவதற்காக ஒரே பள்ளத்தில் பக்கத்தில் பக்கத்தில் பதிக்கிறார்கள். இது சரியா?
– வாசகர், கோவை

பதில்: சரியல்ல. தார் போடுவதற்கு முன்பே எழுதியிருக்கிறீர்கள். இன்றே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

மத்திய பொது சுகாதாரப் பொறியியல் அமைப்பின் கையேடு, குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் வடிகாலுக்கும் இடையே பக்கவாட்டில் 3 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது. இடம் போதாவிட்டால் தனிப் பள்ளத்தில், அல்லது தோண்டப்படாத மண் திட்டின் மீது, குடிநீர்க் குழாயின் அடிப்பகுதி சாக்கடைக் குழாயின் மேற்பகுதிக்குக் குறைந்தது 0.5 மீட்டர் மேலே இருக்குமாறு பதிக்கலாம். உங்கள் தெருவும் 7.2 மீட்டர் என்றால், இரு ஓரமும் மழைநீர் வடிகாலும் நடுவில் சாக்கடையும் போன பிறகு, எங்கே வைத்தாலும் குடிநீர்க் குழாய்க்கு 3 மீட்டர் கிடைக்காது. எனவே அந்த அரை மீட்டர் உயரத்தை விட்டுக்கொடுக்கவே கூடாது.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதை மனைப்பிரிவில் எல்லாரிடமும் சொல்லுங்கள். நம் ஊர்களில் பெரும்பாலும் குடிநீர் சில மணி நேரம்தான் வருகிறது. தண்ணீர் வரும்போது குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் வெளியிலுள்ள எதுவும் உள்ளே புக முடியாது. நின்றவுடன் அழுத்தம் இறங்கிவிடும். அப்போது சுற்றிலும் ஊறி நிற்கும் சாக்கடை நீரைத் தளர்ந்த இணைப்புகளின் வழியே குழாய் உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் காலை குடத்தில் முதலில் விழுவது அந்தத் தண்ணீர். வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் ஒரே தெருவில் வீடு வீடாகப் பரவுவதற்குப் பெரும்பாலும் இதுதான் வழி.

சாக்கடைக் குழாயின் சரிவையும் பாருங்கள். கழிவு தங்காமல் ஓட நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் வேண்டும். 150 மில்லிமீட்டர் குழாயில் அந்த வேகம் வர, ஏறத்தாழ 200 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவாவது தேவை. 120 மீட்டர் நீளத் தெருவின் கடைசியில் குழாய் 60 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்க வேண்டும் என்று கணக்கு. 30 மீட்டருக்கு ஒரு மேன்ஹோல் இருக்கிறதா, பள்ளத்தை மூடும்போது மண்ணை அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இடிக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். ஒரே மூச்சில் மண்ணைத் தள்ளி மூடிய பள்ளத்தின் மேல் போட்ட தார் முதல் மழையிலேயே உள்வாங்கும். பிற்பாடு வரக்கூடிய இணைப்புகளுக்காகத் தெருவின் குறுக்கே சில வெற்றுக் குழாய்களை இப்போதே பதித்துவிட்டால், புதுத் தாரை வெட்ட வேண்டிய அவசியம் வராது. அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

கேள்வி: வரைபடத்தில் பூங்கா என்று காட்டப்பட்ட இடத்துக்குப் புரமோட்டர் வேலி போட்டு, விற்கப் பேசுகிறார். தடுக்க முடியுமா?
– வாசகர், மதுரை

பதில்: முடியும். மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டதாக இருந்தால், சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக நிலமாகவே கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பைச் செலுத்த வழி உண்டு. வரைபடத்தில் பூங்கா என்று இடமே காட்டப்பட்டிருப்பதால், உங்கள் புரமோட்டர் நிலமாகத் தரவே ஒப்புக்கொண்டிருக்கிறார். சார்பதிவாளர் அலுவலகத்தில் தானப் பத்திரத்தின் நகலையும் வில்லங்கச் சான்றையும் வாங்குங்கள். பத்திரம் இருந்தால் அந்த இடம் உள்ளாட்சியுடையது. அதை விற்க அவருக்கு உரிமை இல்லை. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததையே உச்ச நீதிமன்றம் 1991இல் செல்லாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. ஊராட்சி அலுவலகத்துக்கும் டிடிசிபி மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரே நாளில் மனுக் கொடுங்கள். கிரயம் பதிவாவதற்கு முன் தடுப்பது எளிது.

கேள்வி: 23 அடித் தெரு மனை, 30 அடித் தெரு மனை இரண்டும் பார்த்தோம். விலை வித்தியாசம் கொடுக்கத் தகுந்ததா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: முட்டுத்தெருவாக இல்லாமல் ஊடே வண்டிகள் போகும் தெருவென்றால் 30 அடிக்கே செல்லுங்கள். குழாய்களுக்கு இடையே இடைவெளி கிடைப்பதும், மின்கம்பமும் மரமும் போக நடப்பதற்கு இடம் மிஞ்சுவதும் அந்தக் கூடுதல் 1.8 மீட்டரால்தான், பின்னாளில் எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதும் தெருவின் அகலத்தைப் பொறுத்தது. இரண்டில் எதை எடுத்தாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மழை நாளில் குடையுடன் போய் அந்தத் தெருவில் அரை மணி நேரம் நின்று பாருங்கள்.