"பேனல் வர வேண்டும்" என்று இழுத்தடிக்கிறார்களா?

கேள்வி: கடந்த தீபாவளிக்கு 46,000 ரூபாய் கொடுத்து 50 அங்குல டிவி வாங்கினோம். எட்டு மாதம் ஆனபோது திரையின் இடப்பக்கம் செங்குத்தாகக் கோடுகள் விழுந்தன. சர்வீஸ் சென்டரில் இருந்து வந்து எடுத்துப் போனார்கள். "பேனல் (டிவியின் திரைப் பகுதி) வர வேண்டும்" என்றே இரண்டரை மாதமாகச் சொல்கிறார்கள். கடைக்காரர் "கம்பெனியிடம் கேளுங்கள்" என்கிறார். 14,000 ரூபாய் கட்டினால் புதிய மாடல் தருவதாகவும் சொல்கிறார்கள். வாரண்டி முடிய ஒன்றரை மாதம்தான் இருக்கிறது. பில் என் கணவர் நடத்தும் சலூன் பெயரில் இருக்கிறது. புதிய டிவி கேட்க எங்களுக்கு உரிமை உண்டா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: உண்டு. ஆனால் கேட்டவுடன் கிடைத்துவிடாது. இத்தனை நாளில் பழுது நீக்காவிட்டால் புதிய டிவி என்று 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நாள் கணக்கு எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் "30 நாள் சட்டம்" வேறு விவகாரம். திரும்பப் பெறுவதற்குக் கெடு எதுவும் பில்லில் போடாத கடைக்காரர், பழுதான பொருளோடு 30 நாளுக்குள் வருபவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதுதான் அது. எட்டு மாதம் கடந்த உங்களுக்கு அது உதவாது.

நாள் கணக்கு இல்லை என்பதற்காக ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடுமா? வாரண்டி அவர்களே எழுதிக் கொடுத்த வாக்கு. டிவியையும் வாங்கி வைத்துக்கொண்டு, எப்போது தருவோம் என்று தேதியும் சொல்லாமல் இரண்டரை மாதம் கடத்துவது சேவைக் குறைபாடு. பேனல் எந்தக் கிடங்கில் கிடக்கிறது, எந்தக் கப்பலில் வருகிறது என்பதெல்லாம் அவர்கள் பாடு. பழுதை நீக்கு, மாற்றிக் கொடு, பணத்தைத் திருப்பிக் கொடு, நஷ்டஈடு கொடு என்று உத்தரவிட மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. இதில் எது கிடைக்கும் என்பது உங்கள் கையில் இருக்கும் காகிதத்தைப் பொறுத்தது.

உங்கள் கடிதத்தில் ஜாப் ஷீட் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதுதான் கவலை. டிவியை எடுத்துப் போகும்போது ஒரு சீட்டு தருவார்களே, அதில் புகார் எண், தேதி, மாடல், சீரியல் எண் ஆகியவற்றோடு பொருளின் நிலை என்று ஒரு கட்டமும் இருக்கும். பலரிடம் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள். பிறகு பணிமனையில் அதே இடத்தில் "பேனல் உடைப்பு" என்று ஏறிவிடும். உடைப்புக்கு வாரண்டி கிடையாது, கதை முடிந்தது. கோடு விழுந்த திரையை அன்று போனில் படம் எடுத்திருந்தால் அழிக்காதீர்கள். சீட்டு தரவில்லை என்றால் இன்றே மின்னஞ்சலில் நகல் கேளுங்கள்.

இன்னொரு பொறி, ஓடிபி. "பேனலுக்கு ஆர்டர் போட வேண்டும், போனுக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று டெக்னீஷியன் கேட்பார். பல இடங்களில் அது புகாரை முடித்து வைக்கும் எண். நீங்கள் சொன்ன நொடியில் கம்பெனிக் கணினியில் "பழுது நீக்கப்பட்டது" என்று பதிவாகிவிடும். நாளை ஆணையத்தில் அந்த அச்சுப்பிரதியைத்தான் நீட்டுவார்கள். டிவி வீட்டுக்கு வந்து, ஓடுவதைப் பார்க்கும்வரை யாருக்கும் எந்த எண்ணையும் சொல்லாதீர்கள்.

வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி அழைக்கவும் வேண்டாம், வாரண்டி அட்டையில் உள்ள எண் போதும். தேடலில் முதலில் வருவது மோசடிக்காரன் எண்ணாக இருக்கலாம். பத்து ரூபாய் பதிவுக் கட்டணம் என்பான், ஒரு செயலியை இறக்கச் சொல்வான், வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவான். அப்படி நடந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

நீதிமன்ற வாசலில் "நுகர்வோர் உரிமை" என்று அட்டை அடித்துக்கொண்டு நிற்பவர்களும் உண்டு. மனு எழுத ஐயாயிரம், கிடைக்கும் நஷ்டஈட்டில் பாதி என்று பேரம் பேசுவார்கள். நேர்மையான நுகர்வோர் அமைப்புகள் இருக்கின்றன, அவை பங்கு கேட்பதில்லை.

அந்த 14,000 ரூபாய் பேச்சைப் பொறுத்தவரை, கட்டாதீர்கள். கட்டினால் பழைய டிவியை நீங்களே விருப்பப்பட்டு மாற்றிக்கொண்டதாக ஆகும், வாரண்டிப் புகார் அங்கேயே செத்துப்போகும். வாரண்டி முடியப்போகிறதே என்று பதறவும் வேண்டாம். வாரண்டி காலத்துக்குள் பதிவான புகார், அட்டையில் உள்ள தேதி தாண்டினாலும் வாரண்டிப் புகார்தான். "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்னும் கடைக்காரரையும் விட வேண்டாம். பணம் வாங்கியது அவர். கம்பெனி, சர்வீஸ் சென்டர், கடை மூவரையும் எதிர்தரப்பினராகச் சேருங்கள்.

இனி சலூன் பில். ஜிஎஸ்டி எண் போட்டால் வரி திரும்பக் கிடைக்கும் என்று கடையில் யாரோ யோசனை சொல்லியிருப்பார்கள். வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் இந்தச் சட்டப்படி நுகர்வோர் ஆக மாட்டார் என்பதால், கம்பெனி வக்கீல் முதலில் இதைத்தான் பிடிப்பார். டிவி உங்கள் வீட்டில்தான் ஓடியதா? அப்படியானால் பொருத்திய இடத்தின் முகவரி, எடுத்துச் சென்ற சீட்டில் உள்ள முகவரி, வீட்டுச் சுவரில் டிவி இருக்கும் படம் இவற்றைத் தாக்கல் செய்யுங்கள். பில்லில் இருக்கும் பெயர் மட்டுமே முடிவு செய்துவிடாது. சலூனில்தான் ஓடியது என்றாலும் கதவு அடைபடவில்லை. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்தத் தானே பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கத்தில் இருந்து சட்டம் விலக்கியிருக்கிறது. கணவரே கத்தரி பிடிக்கிறார் என்றால் அந்த வாதம் உண்டு. நான்கு கிளை, இருபது ஆள் என்றால் கடினம். வணிக நோக்கம் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் அந்த வரியைக் கணக்கில் கழித்திருந்தால் அதை மறைக்காதீர்கள். தணிக்கையாளரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். பில் சலூன் பெயரில் இருப்பதால், மனுவை அதை நடத்தும் கணவர் பெயரிலேயே போடுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். 15 நாள் கெடு வைத்து மூவருக்கும் ஸ்பீட் போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள். அது தீர்ப்பு சொல்லாது, கம்பெனிக்கு அனுப்பி வைக்கும். சில நேரம் அதற்கே பேனல் பறந்து வந்துவிடுகிறது! அசையாவிட்டால் திண்டுக்கல் ஆணையத்திலேயே, நேரிலோ இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்திலோ, மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்ததில் இருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

மூன்று மாதத்துக்குள், ஆய்வகப் பரிசோதனை வேண்டுமானால் ஐந்து மாதத்துக்குள் வழக்கை முடிக்க ஆணையம் முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. நோட்டீஸ் போய்ச் சேர்வதிலேயே வாரங்கள் கரையும். பதில் மனுவுக்கு 30 நாள், அதற்கு மேல் 15 நாள், அதன் பிறகு வாய்தா. தலைவர் பணியிடம் காலி, உறுப்பினர் பணியிடம் காலி என்று வழக்குகள் தேங்குகின்றன. 46,000 ரூபாய்க்காக ஒரு குடும்பம் எத்தனை முறை படியேறும் என்று கம்பெனிகளுக்குக் கணக்கு தெரியும். நியமனம் செய்ய வேண்டிய அரசுக்குத்தான் தெரியவில்லை.

நோட்டீஸ் கிடைத்ததும் திடீரென்று டிவியைச் சரிசெய்து கொண்டுவந்து நிறுத்தலாம். வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். ரசீதில் "தாமதத்துக்கான நஷ்டஈட்டை விட்டுக்கொடுக்கவில்லை" என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். எழுத விட மாட்டேன் என்றால் அதே வரியை அன்றே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.