பஞ்சாயத்து அப்ரூவல் போதுமா?

கேள்வி: காரைக்குடிக்கு வெளியே ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ மனை மலிவாக வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஊராட்சித் தலைவர் கையெழுத்து மட்டும் மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது, டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் வேண்டும். அங்கீகாரமில்லாத மனையைப் பதியப் பதிவுச் சட்டம் 22-ஏ தடுக்கிறது. முன்பே மனையாகப் பதிவானதற்கு விலக்கு உண்டு. சிக்கலே இந்த விலக்கில்தான்: பத்திரம் பதிவாகிவிடும், வரன்முறை (அங்கீகாரமில்லாத மனையை அரசு முறைப்படுத்துவது) ஆகாமல் வீடு கட்ட அனுமதி கிடைக்காது. வங்கிக் கடனும் சிரமம். 2017 வரன்முறை விதிகள் 20.10.2016 வரை கிரயமான மனைகளுக்கானவை. எனவே தாய்ப்பத்திரத்தின் (மனை முன்பு கிரயமான பத்திரம்) தேதியை முதலில் பாருங்கள்.

புது மனைப்பிரிவு 500 சதுர மீட்டரைத் தாண்டினால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் கட்டாயம். 30 வருட வில்லங்கம் போட்டுப் பாருங்கள். நம் பக்கம் பங்காளிகளின் கூட்டுப் பட்டா அதிகம். ஒருவர் கையெழுத்து விடுபட்டாலும் வழக்குதான். கண்மாய் வரத்துக்கால் மனைக்குள் ஓடுகிறதா என்பதைப் புல வரைபடம் காட்டிவிடும்.