கோழி வளர்ப்பு: வாசகர் கேள்வி பதில்

முதல் தடவையாக இன்குபேட்டரில் (முட்டை பொரிக்கும் சூட்டுப் பெட்டி) 24 நாட்டுக்கோழி முட்டை வைத்தேன். கையேட்டில் சொன்னபடி தண்ணீர்த் தட்டை ஒருநாளும் காயவிடவில்லை. 7 குஞ்சுதான் பொரித்தது. மிச்சத்தை உடைத்துப் பார்த்தால் முழுசாக வளர்ந்த குஞ்சு உள்ளேயே செத்துக் கிடக்கிறது, ஒரே நசநசப்பு. ஏன்?
- வாசகி, காசிமேடு

அந்த நசநசப்புதான் காரணம். 18 நாளில் முட்டை தன் எடையில் சுமார் 12 சதவீதத்தை ஈரமாக வெளியே விட வேண்டும். அப்போதுதான் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகும். 19, 20ஆம் நாளில் குஞ்சு அந்த அறைக்குள் அலகை நுழைத்துத்தான் முதல் மூச்சை விடுகிறது. ஈரம் போகாத முட்டையில் அறை சிறியது. குஞ்சு மூச்சு முட்டிச் சாகும்.

காசிமேட்டில் கடல் காற்றே போதும். 30 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, பெட்டிக்குள் 37.5 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு அருகில் வந்து நிற்கும். முதல் 18 நாளுக்கு வேண்டியதும் 45 முதல் 55தான். அதனால் தட்டை வறட்டாக விடுங்கள். கத்திரி வெயிலில் மேற்குக் காற்று அடிக்கும் நாட்களில் மட்டும் ஈரமானியைப் பார்த்துக் கொஞ்சம் ஊற்றலாம்.

ஈரமானியைவிட தராசை நம்புங்கள். நான்கு முட்டையில் பென்சிலால் எடையைக் குறியுங்கள். 45 கிராம் முட்டை 7ஆம் நாள் 43 கிராமுக்கும், 18ஆம் நாள் 39.5 அல்லது 40 கிராமுக்கும் வர வேண்டும். அதைவிடக் கனமாக இருந்தால் ஈரம் அதிகம், இளைத்திருந்தால் குறைவு.

18ஆம் நாள் முடிந்ததும் முட்டையைத் திருப்பிவிடுவதை நிறுத்திவிட்டு, தட்டு நிறைய வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி 65 முதல் 70 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன்பிறகு மூடியைத் திறக்கவே கூடாது. திறந்தால் உள்சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஓட்டில் முதல் விரிசல் விழுந்து குஞ்சு வெளியே வர ஒரு நாள்கூட ஆகும். பாவம் பார்த்து ஓட்டை உரிக்காதீர்கள். சவ்வில் இன்னும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்.

தெர்மாகோல் மீன் பெட்டியில் டபிள்யூ 1209 போர்டு (சூட்டைக் கட்டுப்படுத்தும் சின்ன சர்க்யூட்), பல்பு, கம்ப்யூட்டர் ஃபேன் வைத்து இன்குபேட்டர் செய்தேன். 37.5 வைத்தாலும் சூடு 35க்கும் 38க்கும் இடையே ஆடுகிறது.
- வாசகர், வியாசர்பாடி

போர்டில் பி-1 (P1) என்ற அமைப்பைப் பாருங்கள். கடையிலிருந்து வரும்போது அது 2 டிகிரியில் இருக்கும். சூடு 2 டிகிரி இறங்கினால்தான் பல்பு மறுபடி எரியும். அதை 0.3 ஆக்குங்கள். சென்சார் பல்புக்கு எதிரே தொங்கினாலும் இப்படித்தான் ஏமாற்றும். முட்டையின் மேல்மட்ட உயரத்தில், பல்பின் ஒளி நேராக விழாத இடத்தில் கட்டுங்கள். டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முட்டை வைக்க வேண்டாம். மீன் பெட்டியைப் பிளீச்சிங் தண்ணீரில் கழுவி, வாடை போகும்வரை வெயிலில் காயவையுங்கள்.

15ஆம் நாள் 3 மணி நேரம் கரண்ட் போய்விட்டது. எல்லாம் போச்சா?
- வாசகி, திருவொற்றியூர்

போகவில்லை. குளிர்ச்சி பொரிப்பைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கருவைக் கொல்வது 40 டிகிரியைத் தாண்டும் சூடு. கரண்ட் போனால் பெட்டியைத் திறக்காமல் மேலே போர்வை போடுங்கள். காற்றுத் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள், வளர்ந்த கருவுக்குக் காற்று நிறைய வேண்டும். இரண்டு நாள் கழித்து இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். நரம்போட்டம் தெரிந்தால் உயிர் இருக்கிறது. 23ஆம் நாள் வரை காத்திருங்கள்.

அடைவைக்க முட்டையை எத்தனை நாள் சேர்க்கலாம்?
- வாசகர், தண்டையார்பேட்டை

குளிர்ந்த ஊரில் 7 நாள். நம் வீட்டுச் சூட்டில் 3, 4 நாளுக்கு மேல் வேண்டாம்; கரு அரைகுறையாக விழித்து வளர்ந்து பலவீனமாகிவிடும். கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம், முட்டையைக் கழுவவும் வேண்டாம்.