பரிசளிப்பு விழாவில் எவ்வளவு நேரம் பேசலாம்?

கேள்வி: தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவராகப் பேச அழைத்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம் பேசலாம்? எப்படித் தயார் செய்வது?

5 நிமிடம் போதும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இப்படிப்பட்ட விழாக்களுக்கு மேடை வேலை பார்ப்பவன் நான். நம் பேச்சாளர்களின் நேரம் பெரும்பாலும் விளிப்பிலேயே கரைந்துவிடுகிறது. ஒய்பி (மாண்புமிகு), டான் ஸ்ரீ, டத்தோ என்று பட்டம் பெற்றவர்கள், பள்ளி வாரியத் தலைவர், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் என்று அறிவிப்பாளர் சொல்லி, தலைமையாசிரியர் சொல்லி, அடுத்து வருபவரும் சொல்வார். அதற்குள் பிள்ளைகள் வேர்த்து வாடிப்போகிறார்கள். விழாவே அவர்களுக்காகத்தானே? சிறப்பு விருந்தினரைப் பட்டத்தோடு ஒரு முறை விளித்து, "சபையோர் அனைவருக்கும் வணக்கம்" என்று தொடங்கிவிடுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அடுக்குமொழி எனக்கும் பிடிக்கும். ஆனால் பின்வரிசையில் இருப்பவர்கள் விடியற்காலையில் எழுந்து செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்த பெற்றோர். அவர்களிடம் வீட்டில் பேசும் தமிழில் பேசுங்கள்.

நம் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தனை நினைத்துப் பாருங்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்த காலம். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய் ஆள் சேர்த்தார். அன்றாடக் கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கச் சொல்வது லேசான காரியமா? ஆனால் சொல்ல வேண்டியது ஒரே வரிதான்: சேர்ந்து பணம் போட்டால் தோட்டத்தை நாமே வாங்கலாம். கேட்டவர் லயத்து வீட்டுக்குத் திரும்பி மனைவியிடம் அப்படியே சொல்லிவிடலாம். எந்தப் பேச்சையும் நான் இதை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

அமெரிக்காவில் 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க் கல்லறைத் தோட்டத் திறப்பில் பெயர்பெற்ற பேச்சாளர் எட்வர்ட் எவரெட் 2 மணி நேரம் பேசினார். பிறகு வந்த அதிபர் லிங்கன் பேசியது சுமார் 270 சொற்கள். லிங்கன் சில நிமிடத்தில் விஷயத்தின் கருவைத் தொட்டுவிட்டதை மறுநாள் கடிதம் எழுதிப் பாராட்டியவர் எவரெட்டேதான்.

நீங்கள் பள்ளியின் வரலாறு முழுவதையும் சொல்ல வேண்டாம். உங்களை உருவாக்கிய ஓர் ஆசிரியர், அவர் செய்த ஒரு காரியம், அது போதும். எழுதியதை நான்காம் ஆண்டு படிக்கும் பிள்ளை யாருக்காவது வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். பிள்ளை தடுமாறுகிற இடத்தை வெட்டிவிடுங்கள். கடைசி வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "இறுதியாக ஒன்று" என்று மறுபடி ஆரம்பிக்கத் தோன்றாது.