குதிரைக்கு ஒமிப்ரசோல் கொடுக்கும்போது தீவன நேரம் ஏன் முக்கியம்?

எந்நேரமும் உலர்புல் முன்னால் இருக்கும் குதிரைக்கு, இரைப்பைப் புண்ணுக்கான மருந்தாகிய ஒமிப்ரசோல் கொடுத்தும் பலன் குறைவாக இருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

குதிரையின் இரைப்பை தீனி இல்லாத நேரத்திலும் இடைவிடாமல் அமிலம் சுரக்கிறது. ஆனால் அதைத் தணிக்கும் பைகார்பனேட் கலந்த உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறுகிறது. தானியத்தை விரைவில் தின்று முடித்துவிடுவதால் உமிழ்நீர் குறைவதோடு, அதிலுள்ள மாவுச்சத்து நொதித்து உண்டாகும் கொழுப்பு அமிலங்களும் இரைப்பையின் மேற்பகுதியை அரிக்கின்றன, ஏனெனில் அங்கே கீழ்ப்பகுதியில் உள்ளதுபோல் சளிப்படலக் காப்பு இல்லை. குதிரைமசால் (லூசர்ன்) என்னும் தீவனப்பயிரில் உள்ள கால்சியமும் புரதமும் அமிலத்தை ஓரளவு தாங்கிக்கொள்ளும் என்பதால், சவாரிக்கு முன் அதில் சிறிதளவு கொடுப்பது நல்லது. வெறும் வயிற்றோடு ஓடவிட்டால் அமிலம் மேற்பகுதிவரை தெறிக்கும்.

இனி மருந்து. ஒமிப்ரசோல் சுரந்துவிட்ட அமிலத்தை முறிப்பதில்லை. குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியே அமிலம் சுரக்கும் செல்களை அடைந்து அவற்றின் இயக்கத்தைத் தடுக்கிறது. வயிறு நிறையப் புல் இருந்தால் உறிஞ்சப்படும் அளவு வெகுவாகக் குறையும். உங்கள் சிக்கல் பெரும்பாலும் இதுதான். இரவின் பிற்பகுதியில் உலர்புல்லைக் குறைத்து, விடியற்காலையில் மருந்தைக் கொடுத்து, 30 முதல் 60 நிமிடங்கள் கழித்துத் தீவனம் வையுங்கள். சிகிச்சைக்கான வழக்கமான அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு 4 மி.கி. வீதம் நாளொன்றுக்கு ஒரு முறை.

கீழ்ப்பகுதிப் புண்ணுக்கு ஒமிப்ரசோல் மட்டும் பல வேளைகளில் போதாது. கால்நடை மருத்துவர், புண்ணின்மேல் படலமாகப் படிந்து காக்கும் சுக்ரால்ஃபேட் என்ற மருந்தையும் சேர்க்கக்கூடும். மூட்டுவலிக்கு ஃபீனைல்பியூட்டசோன் என்ற வலிநிவாரணி கொடுத்து வந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் அதுவும் இரைப்பையைப் புண்ணாக்கக்கூடும்.